கத்தினால்தான் வேலை நடக்குமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். வயது 36. பதினான்கு வருடம் ஓவர்லாக் (துணி ஓரங்களைச் சேர்த்துத் தைக்கும் மெஷின்) டெய்லர். சூப்பர்வைசர் ஆகி ஒன்றரை வருடம் ஆகிறது. என் லைனில் 28 மெஷின். போன மாதம் எம் சைஸ் டீ-சர்ட்டில் எல் சைஸ் கழுத்து ரிப் (கழுத்தைச் சுற்றி வைக்கும் பட்டி) ஏறிவிட்டது. 300 பீஸ். மேனேஜர் ரூமுக்குக் கூப்பிட்டுத் திட்டினார். நேராக லைனுக்கு வந்து, ரிப் வைத்த அக்காவை எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மறுநாள் அவரும் வரவில்லை, அவரோடு வரும் இரண்டு பேரும் வரவில்லை. வீட்டிலும் இதே கதைதான். எட்டு வயது மகள் வீட்டுப்பாடத்தில் சந்தேகம் கேட்டபோது தண்ணீர்ச் சொம்பைத் தூக்கி வீசிவிட்டேன். இப்போது என் வண்டிச் சத்தம் கேட்டாலே உள் அறைக்குப் போய்விடுகிறாள். கம்பெனியில் ‘இமோஷனல் இன்டலிஜென்ஸ்’ என்று ஒருநாள் வகுப்பு எடுத்தார்கள். கோபம் வந்தால் பத்து வரை எண்ணச் சொன்னார்கள். எண்ணி முடிப்பதற்குள் இன்னும் கூடுகிறது. கத்தாவிட்டால் ப்ரொடக்‌ஷன் வராது என்பதும் உண்மை. நான் என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. மேனேஜர் திட்டியபோது நீங்கள் கத்தவில்லை. ரத்தம் கொதித்திருக்கும், தொண்டை வரை பதில் வந்திருக்கும். ஆனாலும் வாயை மூடி நின்றீர்கள். ஐந்து நிமிடம் கழித்து, அதே கோபம் லைனில் அவிழ்ந்தது. ஆகவே கோபத்தை அடக்கத் தெரியாதவர் என்று உங்களைச் சொல்ல முடியாது. அடக்கத் தெரிகிறது, ஆனால் ஒரு திசையில் மட்டும்.

வெகுளாமை அதிகாரத்தின் முதல் குறள் இதைத்தான் பேசுகிறது: ‘செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான்’. தன் கோபம் பலிக்கும் இடத்தில் காப்பவன்தான் உண்மையில் காப்பவன். பலிக்காத இடத்தில் காத்தால் என்ன, காக்காவிட்டால் என்ன என்று மீதி அடி கேட்கிறது. உங்களுக்குப் பலிக்காத இடம் மேனேஜர் ரூம். பலிக்கும் இடங்கள் இரண்டு: லைன், வீடு. அந்த இரண்டுக்கும்தான் நாம் வழி தேட வேண்டும்.

உங்களுக்கு வகுப்பு எடுத்த விஷயத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1990இல் பீட்டர் சாலோவே, ஜான் மேயர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ‘உணர்ச்சி நுண்ணறிவு’ என்பதற்கு வரையறை எழுதினார்கள். பின்னர் அதை நான்கு திறன்களாகப் பிரித்தார்கள். உணர்ச்சியை இனம் காண்பது, அதை யோசனைக்குத் துணையாக்குவது, அது எங்கிருந்து வந்தது, எதுவாக மாறும் என்று புரிந்துகொள்வது, கையாள்வது. கையாள்வது நான்காவதாக வருகிறது. பத்து வரை எண்ணச் சொல்லும் வகுப்பு நேராக நான்காவதில் போய் நிற்கிறது. முதல் மூன்றும் இல்லாமல் நான்காவது நிற்காது. ரிப்பைச் சேர்க்காமல் லேபிள் வைக்க முடியாதல்லவா, அது போல.

எண்ணும்போது கோபம் ஏன் கூடுகிறது? வாய் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருக்கும். மனம் ‘இவளுக்கு எத்தனை தடவை சொன்னேன், இன்னிக்கு விடறதில்லை’ என்று வசனம் எழுதிக்கொண்டிருக்கும். எண்ணி முடிக்கும்போது வசனமும் தயார். பிராட் புஷ்மன் என்ற ஆய்வாளர் 2002இல் வெளியிட்ட ஒரு சோதனையில், கோபமூட்டப்பட்டவர்களில் சிலரை, கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப் பையைக் குத்தச் சொன்னார்கள். சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிட அவர்களுக்குத்தான் பிறகு கோபம் அதிகம் இருந்தது. கொட்டித் தீர்த்தால் ஆறிவிடும் என்று நாம் நம்புவது தவறு. நினைக்க நினைக்கக் கோபம் வளரும், கையால் குத்தினாலும் சரி, வாயால் எண்ணினாலும் சரி.

அப்படியானால் முதல் திறனுக்கு வருவோம். அன்று லைனுக்கு வந்தபோது உங்களுக்குள் இருந்தது கோபம் மட்டும்தானா? 300 பீஸ் போச்சே என்ற பதற்றம். சூப்பர்வைசர் வேலையிலிருந்து மறுபடி மெஷினுக்கே அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். ரூமில் வாங்கிய திட்டின் அவமானம். திருப்பிச் சொல்ல முடியாத ஆற்றாமை. மாலை நேரமென்றால் பசியும் களைப்பும். இத்தனையும் சேர்ந்து வெளியே வரும்போது ‘கோபம்’ என்ற ஒரே சட்டையைப் போட்டுக்கொள்கிறது. காரணம், பயப்படும் சூப்பர்வைசரை யாரும் மதிக்க மாட்டார்கள், கோபப்படும் சூப்பர்வைசரை மதிப்பார்கள் என்று நம் பிழைப்பிடங்கள் ஆண்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கின்றன.

பெயர் வைப்பதால் என்ன லாபம் என்று கேட்கலாம். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மேத்யூ லீபர்மன் குழு 2007இல் வெளியிட்ட மூளைப் படப் பரிசோதனையில், உணர்ச்சி தெரியும் முகங்களைப் பார்த்து அந்த உணர்ச்சிக்குப் பொருத்தமான சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, ஆபத்துக்கு மணியடிக்கும் மூளைப் பகுதியின் கொதிப்பு குறைந்தது. சொல் சரியாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். ‘கடுப்பா இருக்கு’ என்பது போதாது. ‘வேலை போயிடுமோன்னு பயமா இருக்கு’ என்பது சரியான சொல். பயம் என்று தெரிந்துவிட்டால் அதற்கு மருந்து கத்துவது இல்லை, 300 பீஸில் எத்தனையைக் காப்பாற்றலாம் என்று பார்ப்பது. மருந்தே மாறிவிடுகிறது.

இனி அந்த ஐந்து நிமிடம். மேனேஜர் ரூமுக்கும் லைனுக்கும் இடையிலுள்ள நடைதான் உங்கள் பயிற்சி இடம். வேறெங்கும் தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம்.

ரூமை விட்டு வெளியே வந்ததும் உடம்பைக் கவனியுங்கள். ஒவ்வொருவருக்கும் கோபம் முதலில் உடம்பில் ஒரு இடத்தில் தட்டும். சிலருக்குத் தாடை இறுகும், சிலருக்குக் காது சூடாகும், சிலருக்குக் கைவிரல் மடங்கும். உங்களுடையது எது என்று கண்டுபிடியுங்கள். வார்த்தை வாய்க்கு வருவதற்குச் சில நொடி முன்பே அது வந்துவிடும், அந்தச் சில நொடிதான் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம். நேராக லைனுக்குப் போகாமல் குடிதண்ணீர் வைத்திருக்கும் இடத்துக்குப் போங்கள். நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். ஒரு நிமிடத்தில் இப்படி ஆறு மூச்சு வரும், அது போதும். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு சற்று இறங்குவது உடம்பின் இயல்பு, அதனால்தான் விடுவதை நீட்டச் சொல்கிறேன். இங்கே எண்ணுவது மூச்சை என்பதால் வசனம் எழுத மனதுக்கு இடம் குறையும். பிறகு ஒரு வாக்கியம், மனதுக்குள்: ‘எனக்கு இப்ப அவமானமா இருக்கு, பயமா இருக்கு.’ அதன் பிறகு ஒரு கேள்வியை மட்டும் முடிவு செய்துகொண்டு லைனுக்குப் போங்கள்.

இதில் வழக்கமாக நடக்கும் தவறு, பிழையை நிறுத்துவதையும் பிழை செய்தவரைக் கண்டுபிடிப்பதையும் ஒரே மூச்சில் செய்வது. முதலாவது உடனே நடக்க வேண்டும், இல்லாவிட்டால் 300 என்பது 340 ஆகும். அதற்குக் கோபம் தேவையில்லை: “அக்கா, ரிப் வைக்கறத நிறுத்துங்க, சைஸ் பாக்கணும்.” அவ்வளவுதான். பண்டிலைத் தனியே எடுத்து வையுங்கள், தைத்ததையும் தைக்காததையும் பிரியுங்கள். கைக்கு வேலை கொடுங்கள். யாரால் ஆனது என்ற பேச்சு பத்து நிமிடம் கழித்துத்தான், அதுவும் மெஷின் பக்கத்தில் நின்று, அவருக்கு மட்டும் கேட்கும்படி.

அந்தப் பேச்சில் கையில் பீஸ் இருக்கட்டும். “உங்களுக்கு அறிவில்லையா” என்பது ஆளைப் பற்றியது. “இந்தக் கழுத்து அலையா நிக்குது பாருங்க, ரிப் நீளமா இருக்கு, எல் சைஸ் மாதிரி தெரியுது. எந்தக் கட்டுல இருந்து எடுத்தீங்க?” என்பது பீஸைப் பற்றியது. ‘ஏன்’ என்று தொடங்கினால் எதிரே இருப்பவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பதில் சொல்வார். ‘எங்கே, எப்போ, எதிலிருந்து’ என்று கேட்டால் தகவல் வரும். கேட்டுவிட்டு மூன்று நொடி சும்மா இருங்கள். பெரும்பாலான சூப்பர்வைசர்கள் அந்த மூன்று நொடியைத் தாங்க முடியாமல் தாங்களே பதிலும் சொல்லிவிடுகிறார்கள்.

உங்கள் லைனில் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவர்கள் இருந்தால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். உங்கள் தமிழ் அவர்களுக்குப் பாதிதான் புரியும், முகமும் குரலும் முழுதாகப் புரியும். நீங்கள் நூலைப் பற்றிக் கத்தினாலும் தன்னைத்தான் திட்டுகிறார் என்று எடுத்துக்கொள்வார்கள். சரியான பீஸ் ஒன்று, தவறான பீஸ் ஒன்று, இரண்டையும் பக்கத்தில் வைத்து விரலால் காட்டுங்கள்.

இப்போது, கத்தாவிட்டால் ப்ரொடக்‌ஷன் வராது என்ற உங்கள் நம்பிக்கைக்கு வருகிறேன். கடிதத்தில் நான் அதிக நேரம் நின்ற இடம் இதுதான். கத்தினால் வேகம் கூடுவது கொஞ்ச நேரத்துக்கு உண்மை. ஆனால் அந்த 300 பீஸை எடுத்துக்கொள்ளுங்கள். ரிப்பை எண்ணிக் கொடுத்தவர், அதை வட்டமாகச் சேர்த்தவர், ஓவர்லாக்கில் ஏற்றியவர், லேபிள் வைத்தவர், பேட்லாக் (தட்டையான தையல்) அடித்தவர் என்று பல கை தாண்டித்தான் அது செக்கிங்குக்குப் போயிருக்கும். எம் சைஸ் கழுத்தில் எல் ரிப் ஏறினால் அலையலையாக நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். பல வருடம் தைத்த கைகளுக்கு அது தெரியாமல் போயிருக்குமா? ஐந்தாவது பீஸிலோ பத்தாவது பீஸிலோ யாரோ ஒருவர் ‘என்னமோ மாதிரி இருக்கே’ என்று நினைத்திருக்க வாய்ப்பு அதிகம். நினைத்தவர் ஏன் உங்களைக் கூப்பிடவில்லை என்பதுதான் நீங்கள் விடை தேட வேண்டிய கேள்வி. சொன்னால் நமக்குத்தான் திட்டு விழும், செக்கிங்கில் பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்திருப்பார்.

ஹார்வர்டைச் சேர்ந்த எமி எட்மண்ட்சன் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்து 1996இல் எழுதினார். நல்ல தலைமை உள்ள குழுக்களில் பதிவான தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் அதிகமாக இருந்தன. அங்கே தவறு அதிகம் நடந்ததால் அல்ல, மறைக்காமல் சொன்னதால் என்பது அவர் கண்ட விளக்கம். உங்கள் லைனுக்கும் இது அப்படியே பொருந்தும். கத்தும் லைனில் தவறு குறைவாகத் தெரியும், மொத்தமாக வெடிக்கும்.

என் சொல்லை நம்ப வேண்டாம், நீங்களே எண்ணிப் பாருங்கள். பாக்கெட் நோட்டு ஒன்று வாங்குங்கள். இரண்டு வாரம், தினமும் மூன்றே விவரம்: கத்திய நேரம், அதற்கடுத்த இரண்டு மணி நேரத்தில் அந்த மெஷினிலிருந்து வந்த ஆல்ட்டர் (பிரித்துத் திருத்த வேண்டிய பீஸ்) எத்தனை, ‘இங்க வாங்க, இது சரியான்னு பாருங்க’ என்று தானாக உங்களைக் கூப்பிட்டவர்கள் எத்தனை பேர். மூன்றாவது எண்தான் உங்கள் லைனின் நாடி. அது பூஜ்யமாக இருந்தால், அடுத்த 300 பீஸ் எங்கோ தைக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது.

அந்த எண்ணைக் கூட்ட ஒரு வழி, தானாகச் சொல்பவரைத் திட்டாமல் இருப்பது. முதல் தடவை ஒருவர் வந்து “நான் மாத்தித் தைச்சுட்டேன்” என்று சொல்லும்போது மொத்த லைனும் உங்கள் முகத்தைப் பார்க்கும். “எத்தனை பீஸ்? நல்லவேளை இப்பவே சொன்னீங்க. வாங்க பிரிப்போம்.” இந்த மூன்று வாக்கியத்துக்கு மேல் அன்று பேச வேண்டாம். கூடவே, மனம் சம்பந்தப்படாத வேலையையும் விட்டுவிடாதீர்கள். சைஸ் மாறும்போது முதல் மூன்று பீஸை மெஷர்மென்ட் சார்ட் வைத்து நீங்களே அளந்து பாருங்கள். ஒரு மெஷின் பக்கத்தில் ஒரு சைஸ் ரிப் மட்டும் இருக்கட்டும், சைஸுக்கு ஒரு நிறக் கயிற்றால் கட்டச் சொல்லுங்கள். பாதிக் கோபம் ஏற்பாடு சரியில்லாததால் வருகிறது. அதை மூச்சுப் பயிற்சியால் சரி செய்ய முடியாது.

இரண்டாவது வாரத்தில் ஒரு சறுக்கல் வரும், எதிர்பார்த்திருங்கள். “சூப்பர்வைசர் சாஃப்ட் ஆயிட்டாரு” என்று சிலர் டீ இடைவேளையை நீட்டிப் பார்ப்பார்கள். உடனே பழைய குரலுக்குப் போய்விடுவீர்கள், ‘பார், கத்தினால்தான் ஆகும்’ என்றும் தோன்றும். கத்தாமல் இருப்பதும் கண்டிக்காமல் இருப்பதும் ஒன்றல்ல. “நேத்தும் இன்னிக்கும் பத்து நிமிஷம் லேட்டுங்க. நாளைக்கும் லேட்டானா ஆபீஸ்ல எழுதிக் குடுப்பேன்.” சொன்னதைச் செய்யுங்கள். தாழ்ந்த குரலில் சொல்லி, சொன்னபடி நடப்பவருக்கு இருக்கும் அதிகாரம் கத்திவிட்டு மறந்துவிடுபவருக்கு வருவதில்லை.

மேலே பேசுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரூமில் விழும் திட்டு குறையாவிட்டால் கீழே கசிவதை முழுக்க நிறுத்த முடியாது. மாலை நான்கு மணிக்கு மேனேஜர் கண்டுபிடித்துக் கூப்பிடுவதைக் காலை பதினொரு மணிக்கு நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள்: “சார், இதுவரைக்கும் 60 பீஸ் குறையுது. ரிப் கட்டுல சைஸ் கலந்து வந்திருக்கு. பிரிக்க ஒரு ஹெல்பர் குடுத்தீங்கன்னா மூணு மணிக்குள்ள சரி பண்ணிடறேன்.” எண், காரணம், தேவை, கெடு. இந்த வரிசையில் சொன்னால் திட்டுவதற்கு இடம் குறைவு, உதவி செய்வதற்கு இடம் அதிகம். அப்படியும் திட்டுபவர்கள் உண்டு. அவர்களிடம் அமைதியாக நின்றுவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் போவது ஒன்றுதான் வழி.

போய்விட்ட அக்காவிடம் மன்னிப்புக் கேளுங்கள், தள்ளிப் போடாதீர்கள். ஊரறியத் திட்டிவிட்டு ஓரமாக மன்னிப்புக் கேட்பது பாதிதான் ஆகும். ஆனால் எல்லோர் முன்னாலும் கேட்டால் அவருக்குக் கூச்சமாக இருக்குமா என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “அன்னிக்கு எல்லார் முன்னாலயும் உங்கள அப்படிப் பேசினது என் தப்புங்க அக்கா. மேனேஜர் மேல இருந்த கோபத்த உங்க மேல காட்டிட்டேன்.” இதற்குப் பிறகு ‘ஆனா நீங்களும்…’ என்று ஒரு சொல் வந்தாலும் மொத்தமும் வீண். ‘வேலைக்கு வந்துடுங்க’ என்பதையும் அதே மூச்சில் சேர்க்காதீர்கள். ஆள் கிடைக்காததால் வந்திருக்கிறான் என்று ஆகிவிடும். வருவதும் வராததும் அவர் விருப்பம்.

வீட்டுக்கு வருகிறேன். மாலை டீக்குப் பிறகு இரவு வரை வயிற்றில் ஒன்றும் இருக்காது. கிளம்பும் முன் இரண்டு வாழைப்பழமோ ஒரு கைப்பிடி கடலையோ சாப்பிடுங்கள். தெருவுக்குள் நுழையுமுன் வண்டியை நிறுத்தி, அதே ஆறு மூச்சு. போன் பேச வேண்டியிருந்தால் அங்கேயே பேசி முடியுங்கள். உள்ளே போனதும் மனைவியிடம் நிலவரத்தை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்: “இன்னிக்கு நாள் சரியில்ல, அரை மணி நேரம் கொடு.” சொல்லாமல் முகத்தைத் தூக்கி வைத்திருந்தால் வீட்டில் ஒவ்வொருவரும் தன் மேல்தான் கோபம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஒன்றைத் தெளிவாகக் கேட்கிறேன். மனைவி மீதோ மகள் மீதோ கை நீண்டதுண்டா? குடித்த நாட்களில் கோபம் கூடுகிறதா? சில வாரமாகத் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், எல்லாவற்றிலும் எரிச்சலாக இருக்கிறதா? இதில் எதற்கு ‘ஆமாம்’ என்றாலும் நோட்டும் மூச்சும் போதாது. ஆண்களுக்கு மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வராமல் எரிச்சலாக வரும். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், ரத்த அழுத்தத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நேரில் போகத் தயக்கமென்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

மகளைப் பற்றி. சொம்பு அவள் மேல் படாமல் இருந்திருக்கலாம், ஆனால் அந்தச் சத்தம் அவள் உடம்பில் பட்டுவிட்டது. வண்டிச் சத்தம் கேட்டால் ஆபத்து என்று அவள் உடம்பு கற்றுக்கொண்டுவிட்டது. பொம்மை வாங்கிக் கொடுத்தோ, “அப்பாகிட்ட வா” என்று இழுத்து அணைத்தோ அதை அழிக்க முடியாது. அவள் உயரத்துக்குக் கீழே உட்கார்ந்து சொல்லுங்கள்: “சொம்ப வீசினது அப்பா தப்பு கண்ணு. நீ சந்தேகம் கேட்டது தப்பே இல்ல. இனிமே கோபம் வந்தா அப்பா வெளிய போய் உக்காந்துட்டு வருவேன். அது உன் மேல இல்ல.” பிறகு ஒருநாள் கோபம் வரும்போது அதே மாதிரி வெளியே போய் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வாருங்கள். அவள் நம்புவது நீங்கள் சொன்னதை அல்ல, அந்தத் திரும்பி வருதலை. வாரக்கணக்கில் ஆகும். நடுவில் ஒருமுறை எதையாவது வீசினால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

அதுவரை அவள் உள் அறையில் இருந்தால் கூப்பிடாதீர்கள். செருப்பைக் கழற்றி, முகம் கழுவி, அவளுக்குக் குரல் கேட்கும்படி மனைவியிடம் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருங்கள். ஒருநாள் வண்டிச் சத்தம் கேட்டும் அவள் எழுந்து போகாமல் நோட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். அன்று அதைப் பெரிதாக்கிப் பேச வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் கணக்கு என்று மட்டும் கேளுங்கள்.